மூன்று இருபது பஸ்

பிப்பெட்டைக் கழுவி ஸ்டாண்டில் கவிழ்த்தபோது மணி மூன்று ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. என் மேசைக்கு இடப்பக்கம் நின்ற பையன் அப்போதுதான் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தான். வலப்பக்கத்துப் பையன் கரைக்கவே ஆரம்பிக்கவில்லை. நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் திணித்தேன்.

"அண்ணனுக்குப் பொழுதாயிடுச்சுடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. எனக்கு இருபத்து மூன்று முடிந்திருந்தது. வகுப்பில் மீசையைக் கத்தரித்து ஒழுங்குபடுத்தும் ஆள் நான் ஒருவன்தான்.

டெமான்ஸ்ட்ரேட்டர் வேணுகோபால் தலை நிமிராமல் கேட்டார்.

"மிஸ்டர் அனந்தராஜன், இன்னிக்கும் கிளம்பிட்டீங்களா?"

"ஆமா சார். மூணு இருபது பஸ்ஸு."

"ரிசல்ட்டு?"

"நாளைக்கு ரெக்கார்டுல எழுதிடறேன் சார்."

"செய்யாததை எப்படி எழுதுவீங்க?"

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து என் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு சுழி போட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆய்வகத்தில், இதே மேசையில், என் பக்கத்தில் நின்று என் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவர் அவர். அப்போது அவரை நான் 'டேய் வேணு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஓட்டம். கல்லூரி வாசலிலிருந்து பஸ் நிலையத்துக்குக் கால் மணி நேரம். ஓடினால் பத்து நிமிஷம். கையில் கந்தக நாற்றம் போகாமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒன்றரை மணி நேரத்தில் செஞ்சி. அங்கே மறுபடியும் ஓட்டம்.

இப்படி வாரத்தில் மூன்று நாள். திங்கள், புதன், வெள்ளி.

திரும்பி வந்து கிழித்தது

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "கப்பலில் போனதையே ஏழு வாரம் எழுதினீர்கள். திரும்பி வந்து என்ன கிழித்தீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே?" நியாயமான கேள்வி. கிழித்தது இதுதான் ஐயா. போகும்போது எந்த வகுப்பில் இருந்து எழுந்து போனேனோ, அந்த வகுப்புக்கே திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் முடித்திருந்தபோது இங்கிலாந்தின் வடக்கே ஒரு மில் ஊரில் துணிச் சாயம் பற்றிய இரண்டு வருஷப் பட்டயப் படிப்புக்கு இடம் கிடைத்தது. கிடைத்ததே பெரிது என்று மூன்றாம் வருஷத்தை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறினேன். இரண்டு வருஷம் படித்துப் பட்டயம் வாங்கிக்கொண்டு வந்தேன். ராஜ முத்திரை மாதிரி ஒரு முத்திரை போட்ட கெட்டியான காகிதம் அது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சென்னையில் நாலு ஆபீஸ் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் அதைத் தடவிப் பார்த்தார்கள். "நல்ல பேப்பர்" என்றார் ஒருவர். பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பி.எஸ்ஸி. எங்கே? பட்டயம் பட்டத்துக்கு ஈடாகாது, தம்பி.

பழைய கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். "மூணாவது வருஷத்தை முடிச்சிடுப்பா. ஒரே வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்" என்றார். அந்த ஒரு வருஷம் போனதுபோல வேறெந்த வருஷமும் எனக்கு நீண்டு போனதில்லை. கல்லூரி இருந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எனக்கு நடந்ததற்கு அந்த ஊர் பொறுப்பில்லை.

விடுதியில் தங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த என் நைனா, தராசை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னார்: "ரெண்டு வருஷம் உன் மூஞ்சியப் பாக்காம இருந்தது போதும். ஊட்டுல இருந்து போயிட்டு வா." அதற்குப் பின்னால் அம்மா இருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

சூரியன் இரண்டு முறை மறையும் ஊர்

நாங்கள் சமணர்கள். செஞ்சியைச் சுற்றிப் பல ஊர்களில் எங்கள் ஆட்கள் உண்டு. பாதிப் பேருக்கு நிலம், மீதிப் பேருக்கு வியாபாரம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகும், ஓர் உயிரைத் தின்ற பாவம் வரும் என்பது காரணம். சிலர் தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். என் அம்மா அதுவும் குடிக்க மாட்டாள். மறுநாள் சூரியன் நன்றாக எழும்பின பிறகுதான் அவள் நாக்கு நனையும்.

இதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. வீட்டு ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். நைனாவுக்குப் பிரச்சினை இல்லை. கடைத்தெரு ஐந்து நிமிஷ தூரம். நாலரைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி மண்டிக்குப் போய்விடுவார். மிச்சம் இருந்தது நான்தான். பொழுது சாய்வதற்குள் நான் வரவில்லை என்றால் நான் மட்டுமல்ல, அவளும் மறுநாள் காலைவரை பட்டினி.

இதில் எங்கள் ஊர் வேறு ஒரு வம்பு செய்யும். ஊருக்கு மேற்கே கோட்டை மலை. சூரியன் முதலில் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வானத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். பஞ்சாங்கப்படி அஸ்தமனம் பிறகுதான். ஆனால் அம்மாவின் கணக்கில் எங்கள் முற்றத்துச் சுவரை விட்டு வெயில் விலகினால் பொழுது போயிற்று.

"பஞ்சாங்கத்துல இன்னும் கால் மணி இருக்குதும்மா" என்று ஒரு நாள் வாதாடிப் பார்த்தேன்.

"பஞ்சாங்கம் எழுதினவன் நம்ம மலையப் பாக்கலடா" என்றாள்.

ஆனி, ஆடி, ஆவணி தொல்லையில்லாமல் போயின. செய்முறை வகுப்பு நாலே காலுக்கு முடியும். நாலு முப்பத்தைந்து பஸ்ஸைப் பிடித்து, ஆறு அடித்து ஐந்து நிமிஷத்துக்கு இறங்கி ஓடினால், சுவரின் உச்சியில் ஒரு முழம் வெயில் மிச்சம் இருக்கும். உட்கார்ந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். அம்மாவும் நாலு வாய்.

புரட்டாசி பிறந்ததும் பொழுது குறுகியது. நாலு முப்பத்தைந்து பஸ் உதவவில்லை. அதற்கு முந்தைய பஸ் மூன்று இருபது. அதைப் பிடிக்கச் செய்முறை வகுப்பில் பாதியில் எழுந்து வர வேண்டும். பாதியில் எழுந்தால் வராத கணக்கு. அப்படித்தான் சிவப்புச் சுழிகள் விழ ஆரம்பித்தன.

ஒரு காகிதம்

"நீ சாப்பிடும்மா, எனக்குக் காத்திருக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னேன். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. பத்துத் தடவையும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"நாலு மணிக்கே இருட்டற ஊருல ஒழுங்கா இருந்தவன், வெயில் கொளுத்தற ஊருக்கு வந்து கெட்டுப் போவியா?"

இந்த இடத்தில் நான் என் குட்டை நானே உடைத்தாக வேண்டும்.

இங்கிலாந்து போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம் அம்மாவிடமிருந்து ஒரு நீல வான்கடிதம் வந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். மடிப்பு ஓரத்தில்கூட இடம் விடாமல் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். 'அங்கு எத்தனை மணிக்குப் பொழுது சாய்கிறது? அதற்கு முன்பு சாப்பிட்டு விடுகிறாயா?' என்று கேட்டிருந்தாள்.

நான் ஒரு கிழவியின் வீட்டில் வாடகையோடு சாப்பாட்டுக்கும் காசு கொடுத்துக் குடியிருந்தேன். ராத்திரி ஏழு மணிக்கு அவள் மணியடிப்பாள். அவித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டைக்கோஸ், ரொட்டி. உருளைக்கிழங்கின் மேல் பழுப்பாக ஒரு குழம்பை ஊற்றுவாள். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது வசதியாக இருந்தது. மத்தியானம் வகுப்பு, மாலை சாயப்பட்டறை, வெளியே எலும்பைக் குத்தும் குளிர். ஏழு மணிக்கு அந்தச் சூட்டைச் சாப்பிடாவிட்டால் செத்துப் போவேன் என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது.

அம்மாவுக்கு எழுதினேன்: 'இங்கு குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டி விடும். நான் மூன்றரைக்கே சாப்பிட்டு விடுகிறேன். கவலைப்படாதே.'

முதல் வரி மெய். இரண்டாம் வரி பொய். மெய்யைப் பக்கத்தில் வைத்துச் சொன்னதால் பொய் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அந்தக் காகிதம் என்ன பாடுபட்டது என்று திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. நைனா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மண்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறார். நான் வந்திறங்கிய வாரம் என்னை மேல்சித்தாமூரில் இருக்கும் எங்கள் சமண மடத்துக்குக் கும்பிட அழைத்துப் போனார். அங்கே வந்திருந்த உறவுக்காரர்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என்னைக் காட்டினார்கள். "பாத்துக்க. சீமைக்குப் போயும் ராச்சோறு தொடாத அண்ணன் இவருதான்." அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தன் பெண்ணைப் பற்றி நைனாவிடம் காதோடு காதாகப் பேசினார். நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். குடிப்பது கூழு, கொப்புளிப்பது பன்னீர் என்று நான் என்னையே திட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றரை மூன்றரைதான்

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டியில் மூட்டைக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தேன். நைனா மாத்திரைப் பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டி, "போம்போது இத அம்மாகிட்ட குடு. வயித்துக்கு" என்றார்.

"இன்னாத்துக்கு அடிக்கடி வயித்து வலி வருது அவளுக்கு?"

"உனக்குத் தெரியாதா? நீ கப்பலேறின வருஷம் கார்த்தியில புடிச்சது. அப்பலேருந்து இருக்குது."

"ஏன்?"

நைனா சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே சொன்னார். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"மூணரைக்கு சாப்பிடறேன்னு நீ எழுதினியே. அன்னியிலேருந்து அவளும் மூணரைக்கு சாப்டா. அதுக்கப்புறம் மறுநாள் காலைலதான். பச்சத்தண்ணி கெடையாது. தை முடியற வரைக்கும் அப்டி. மறுவருஷமும் அப்டி."

"எதுக்கு நைனா?"

"எதுக்கா? புள்ள அங்க வயிறு காஞ்சி கெடக்கச்சே இவளுக்கு அஞ்சு மணிக்கு சோறு எறங்கலியாம். அங்க மூணரைன்னா இங்க ராத்திரி ஒம்போதுடின்னேன். ஹைஸ்கூல் வாத்தியாரு கணக்குப் போட்டுச் சொன்னாரு. இவ கேட்டாத்தானே? எந்த ஊரா இருந்தா இன்னா, மூணரை மூணரைதான்னுட்டா."

நான் மை டப்பாவை மூடிவிட்டு எழுந்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். என் விஷயத்தில் பொய் சொன்ன வாய்க்கு ஏழு மணி ஆனால் மணியடித்துப் போஜனம் கிடைத்தது. அதை நம்பின வாய்தான் காய்ந்தது. அன்று வீட்டுக்குப் போய் மாத்திரையைக் கொடுத்தேன். அம்மா வாங்கி மாடத்தில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. களைப்பாக இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வருஷம் எதற்கெடுத்தாலும் எனக்குக் களைப்பாகத்தான் இருந்தது. பஸ்ஸில் தூங்கினேன், வகுப்பில் தூங்கினேன், சாப்பிட்டு முடித்ததும் பாய் போடாமல் தரையிலேயே தூங்கினேன். தெரிந்த பாடத்தையே திரும்பப் படிப்பதைப்போல மனுஷனைச் சோர வைக்கும் வேலை வேறு இல்லை.

மழை நாள்

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. காலையிலிருந்து மழை. வழக்கம்போல இரண்டு ஐம்பதுக்குக் கோட்டைக் கழற்றி, வழக்கம்போல சுழி வாங்கிக்கொண்டு, மூன்று இருபது பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் ஏரி நிரம்பி ரோட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"போவாதா?" என்றேன்.

"நீ வேணா இறங்கி நீந்திப் போ" என்றார் கண்டக்டர்.

தண்ணீர் வடிந்து பஸ் கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நான் செஞ்சியில் இறங்கியபோது கடைத்தெருவில் விளக்குப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஓடுவதில் அர்த்தமில்லை. ஆனாலும் ஓடினேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். கையில் கால் கழுவச் சொம்பு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"வந்துட்டியா? தொப்பலா நனைஞ்சிட்டியேடா. தலையத் தொவட்டு."

"நீ சாப்டியாம்மா?"

"பொழுது பூடிச்சே."

அதில் கோபம் இல்லை. புகார் இல்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். சமையல் பாத்திரங்கள் மூடினது மூடினபடி இருந்தன. மூன்று பேர் வீட்டில் இரண்டு பேருடைய சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அவள் அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முற்றத்துச் சுவரில் வெயில் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. நைனா டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "புண்ணு நல்லா வளந்திருக்குது. இனிமே பொழுது போறதுக்குள்ள வயித்துல ஏதாவது கட்டாயம் எறங்கணும். வெறும் வயித்தோட ராத்திரி படுத்தா ஒரு நாளைக்கு ரத்தமா வாந்தி எடுப்பீங்க. அப்பறம் என்கிட்ட வராதீங்க, நேரா பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்குத் தெரியும், நான் வராத நாளில் அவள் சாப்பிடப் போவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கல்லூரியில் வேணுகோபால் என்னை ஆய்வகத்துக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு 'மிஸ்டர்' என்பதை விட்டார்.

"டேய் ராஜு, இன்னும் ரெண்டே ரெண்டு சுழி. அதுக்கு மேல போனா பரீட்சைக்கு உக்கார விடமாட்டாங்க. நான் போடாம விட்டுடலாம்னு பாத்தா புரொபசரு ஒவ்வொரு தலையா எண்றாரு."

"அம்மா சாப்பிடாம இருக்கா வேணு."

"காலேஜ்லயே நாலு மணிக்கு சாப்டுட்டேன்னு சொல்லிடு. ஒரு பொய்தானே, சொல்லக் கூடாதா?"

நான் சிரித்தேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

ஆனாலும் சொல்லிப் பார்த்தேன். அம்மா உடனே கேட்டாள்: "யாரு ஆக்கினது? தண்ணிய வடிகட்டினாங்களா? நீ பாத்தியா?" எனக்குப் பொய்யில் பழக்கம் விட்டுப் போயிருந்தது. திணறினேன். "எனக்கோசரம் கண்டதையும் சொல்லாத. அங்கயே கட்டுப்பாடா இருந்த புள்ள நீ. ஒரு வருஷம் என்னால ஆவாதா?" என்றாள்.

முதல் பொய் அவ்வளவு பலமாக நின்றது. அதை இடிக்காமல் அவளுக்குச் சோறு இல்லை, எனக்குப் பட்டமும் இல்லை.

கிணற்றடி

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கிணற்றடியில் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். குடத்தின் வாயில் இரட்டையாக மடித்த துணியைக் கட்டி, வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுவாள். துணியில் தங்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை மறுபடி கிணற்றிலேயே சேர்க்க வேண்டும். எங்கள் வீடுகளில் தினமும் நடக்கிற வேலைதான் இது.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, அங்க நான் ராத்திரிதான் சாப்டேன்."

அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "எங்க?"

"சீமையில. ஏழு மணிக்கு. இருட்டினப்புறம்."

"என்னிக்கு?"

"குளிர்காலத்துல எல்லா நாளும்."

வாளியில் தண்ணீர் தீர்ந்தது. அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷமுமா?"

"ஆமா."

"அப்ப அந்தக் காயிதம்?"

"பொய் எழுதினேன்."

அம்மா குடத்தின் வாயிலிருந்து துணியை அவிழ்த்தாள். அதைத் திருப்பிப் பிடித்து, அதன் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றிச் சின்னச் செம்பில் அலசி எடுத்து, செம்பைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டம்வரை இறக்கிக் கவிழ்த்தாள். மேலேயிருந்து கொட்டினால் உயிர்களுக்கு அடிபடும் என்பாள். அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு நான் நின்றேன். இருபத்து மூன்று வயதில் அடிவாங்கத் தயாராக நின்றேன்.

துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் கேட்டாள்.

"இன்னாத்துக்குடா அப்டி எழுதின?"

"நீ கவலப்படுவேன்னு."

"கவலப்பட்டிருப்பேன்" என்றாள் அம்மா. "அவ்ளதானே?"

குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கிணற்றடியிலேயே நின்றேன். வயிற்று வலியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு குளிர்காலம் மூன்றரை மணிக்குச் சாப்பிட்டதைப் பற்றியும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. நானும் அதைச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். எதற்கு என்று சொல்லிக் கேட்பது என்று புரியாமல் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு

மறுநாள் திங்கட்கிழமை. செய்முறை வகுப்பில் கடைசி வரை இருந்தேன். பின்வரிசைப் பையன் கைதட்டினான். வேணுகோபால் பதிவேட்டில் கறுப்பு மையால் குறித்தார். நாலு முப்பத்தைந்து பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. செஞ்சியில் இறங்கி, ஓடாமல், நடந்து வீட்டுக்குப் போனேன்.

வாசலில் யாரும் இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது. அம்மா ஓரமாக உட்கார்ந்து மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்டியாம்மா?"

"அப்பவே சாப்டேன். உனக்கு மூடி வெச்சிருக்கேன். போட்டுக்க."

நான் வேண்டியது அதுதான். இரண்டு மாதமாக அதற்குத்தான் கெஞ்சினேன். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வரவில்லை. விளக்குக்குப் பூச்சி வந்தது. நான் சோற்றைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

அவள் என்னிடம் பேசாமல் இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். எப்போதும்போலப் பேசினாள். சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தாள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லித் திட்டினாள். நைனாவிடம் மூச்சுவிடவில்லை. அவர் கடைசிவரை அந்தக் காகிதத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். அவர் பேசும்போதெல்லாம் அவள் ஏதாவது வேலையாக உள்ளே எழுந்து போவாள். வயிற்றுப் புண் தை மாதத்துக்குள் நன்றாக ஆறிவிட்டது. டாக்டர் தன் மருந்துதான் காரணம் என்று நம்பினார்.

பங்குனியில் செய்முறைத் தேர்வு. எனக்கு வந்த உப்பு சுலபமானது. ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். "ஜமாய்ச்சிட்டடா" என்று வேணு, யாரும் இல்லாத நேரம் பார்த்து முதுகில் தட்டினார். மணியைப் பார்த்தேன். மூன்று.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு மூன்று இருபது பஸ். செஞ்சியில் இறங்கியபோது ஐந்துகூட ஆகவில்லை. ராஜகிரிக்கு மேலே சூரியன் இன்னும் இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. கடைத்தெரு வழியாக ஓடினேன். மண்டியில் இருந்து நைனா ஏதோ கத்தினார். நிற்கவில்லை. இன்றைக்கு அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர என் மனசில் ஒன்றும் இல்லை.

முற்றத்தில் பாதிச் சுவர்வரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து தன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். மூச்சு வாங்க நிற்கும் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்கு ஓடி வந்தேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீ வருவேன்னு நான் எதிர்பாக்கலடா" என்றாள்.

அந்தத் தட்டையே துடைத்து எனக்குப் போட்டாள். பருப்பும் கீரையும் சூடாகவே இருந்தன. எதிரே உட்கார்ந்து பரிமாறினாள், போதும் போதும் என்றும் விடாமல் வைத்தாள். நான் மட்டும் சாப்பிட்டேன். வெளியே இன்னும் நல்ல வெயில்.